பதினேழு மில்லிமீட்டர்

பதினாறும் இல்லை, பதினெட்டும் இல்லை.
நீவெஸ் அளவுகோலை இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு
பதினேழு என்றாள்,
சாப்பாட்டுக்கும் இல்லாமல் காப்பிக்கும் இல்லாமல்
இரண்டுங்கெட்டான் நேரத்தில்
விருந்தாளி வந்து நின்றதுபோல.

அறுபத்தொன்றில் செய்த கடிகாரம். எஃகு உடல்.
வெள்ளையாய் இருந்த முகம்
பால் குறைந்த தேநீராகிவிட்டது.
அழுக்கில்லை, வயது என்றார் விற்றவர்.
அந்த வயதுக்கும் சேர்த்தே விலை சொன்னார்.
வார் இல்லை, கொக்கி இல்லை.
சாவிக்கொத்து உரசாமல்
கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தேன்.

வெளியே போரா.
ட்ரியெஸ்தேயில் இந்தக் காற்று வீசும்போது
குப்பைத்தொட்டிகள் எங்களுக்கு முன்னால் கடலுக்குப் போகும்.
விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு
நிற்கத் தெரியாதவன் இந்த ஊர்க்காரன் இல்லை.
பிப்ரவரியிலிருந்து
கட்டிக்கொள்ள எனக்கு ஒரு கைதான்.

இடது கை இருக்கிறது. தொங்குகிறது.
தொங்குவதுகூடச் சில நாள் மறந்துபோகிறது.
தட்டின் வலப்பாதி தீர்ந்த பிறகும்
இடப்பாதியில் உருளைக்கிழங்கு அப்படியே ஆறிக் கிடக்கும்.
பாதி முகம் மழித்துக்கொண்டு
வங்கிக்குப் போயிருக்கிறேன்.
இடப்பக்கம் பாருங்கள், சிஞ்ஞோர் எஜீதியோ,
பயிற்சி தரும் வெஸ்னா தினமும் சொல்கிறாள்.
பார்க்காத கையை
மூளை கணக்கிலிருந்தே அடித்துவிடுமாம்.

சும்மா ஒரு கையை எத்தனை முறை பார்ப்பது?
மணி பார்க்கிறேன் என்றால்
நாளைக்கு நாற்பது முறை பார்க்கலாம்.

உடும்புத்தோல்: அதற்குக் கல்யாணம் வேண்டும்.
குதிரைத்தோல்: என் காலணிகளைவிடப் பளபளப்பு.
நைலான் வேண்டாம், மருத்துவமனை ஞாபகம்.
பன்றித்தோல் ஒன்று, புகையிலை நிறம்,
மும்மூன்றாய் மயிர்க்கால் புள்ளிகள்,
முகர்ந்தால் மழையில் நனைந்த சேணம்.
பதினாறு போட்டால் ஓரத்தில் வெளிச்சம் தெரியும்,
பதினெட்டை இழைத்துத் தருகிறேன் என்றாள்.
சரி என்றேன்.
அரை மில்லிமீட்டர் இந்தப் பக்கம்,
அரை அந்தப் பக்கம்.
தூள் மேசையில் விழுந்தது.

கொக்கிக்கு வந்தபோது குரலைத் தணித்துக்கொண்டாள்.
மடிந்து பூட்டுவது. காந்தத்தில் ஒட்டுவது.
இழுத்தால் விரிகிற எஃகுப் பட்டை.
இதெல்லாம் உங்களுக்கு... சுலபம்.
அந்தச் சிறு இடைவெளியை
ஆறு மாதமாக எல்லோர் பேச்சிலும் கேட்கிறேன்.

நீங்கள் எப்படிக் கட்டுவீர்கள், காட்டுங்கள் என்றேன்.
தன் கடிகாரத்தைக் கழற்றினாள்,
மறுபடி கட்டினாள்,
பாதியில் நின்றுவிட்டாள்.
இடது மணிக்கட்டு வெறுமனே படுத்திருந்தது.
எல்லாவற்றையும் வலது கைதான் செய்துகொண்டிருந்தது.

காலையில் பத்து நொடி
ஊர் முழுக்க ஒற்றைக்கைக்காரர்கள்.
மேயர்கூட.

பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தாள். பழைய கொக்கிகள்.
நிக்கல் தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும் ஒன்று,
நடு முள் லேசாக வலப்பக்கம் சாய்ந்திருக்க
யாருடைய பழக்கத்துக்கோ வளைந்து கொடுத்திருந்தது.
முகத்தில் இரண்டு முள், கொக்கியில் ஒன்று.
மூன்றுக்கும் சேர்த்து முப்பத்தெட்டு யூரோ,
முகத்துக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று
என்று பேரம் பேசிப் பார்த்தேன். மசியவில்லை.

மேசை விளிம்பில் கையைக் கிடத்தினேன்.
முதல் முறை வார் நழுவியது.
இரண்டாவது முறை கடிகாரமே கவிழ்ந்தது.
முள் துளையைத் தேடியது, துளை நகர்ந்தது,
கட்டப்படுகிற கை
அவள் கையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சும்மா இருந்தது,
அதை ஒத்துக்கொள்கிறேன்.
நாடியால் வாரை அழுத்தினேன்.
நீவெஸ் உதவ வரவில்லை.
ஜன்னல் வழியே பறக்கும் செய்தித்தாளை
ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஐந்தாவது முறை,
மூன்றாவது துளை.

பேருந்து நிறுத்தத்தில் காற்று என்னைச் சுவரோடு சேர்த்தது.
மணி பார்த்தேன். எட்டு பத்து.
கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். எட்டு பத்து.
சாவி கொடுக்கவே இல்லை, அவளும் நானும் மறந்துவிட்டோம்.
பேருந்து வரவில்லை.
இன்னொரு முறை பார்த்தேன்.